வெட்டிக்கொண்டு போன நிழல்

சான் லூயிஸ்,
பிப்ரவரி, ஞாயிறு.

அன்புள்ள எலிசேயோவுக்கு,

உங்கள் மனைவி நெரெய்தா எழுதுவது. நானும் குழந்தையும் நலம். கடலுக்கு அந்தப் பக்கம் டாம்பாவில் இருக்கும் உங்கள் அத்தை மகன் ரோகெலியோ, நீங்கள் வந்து சேரவே இல்லை என்று எப்போதோ சொல்லி அனுப்பிவிட்டான். ஆனாலும் இதை அவன் முகவரிக்கே போடுகிறேன். எனக்கு வேறு முகவரி ஏது?

யாமிலாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டுமாம், கோப்பைக்கு அடியில் பத்திரப்படுத்தியிருக்கிறாள். காளைகள் இளைத்துவிட்டன. இந்த வருஷம் கறுப்பு அவரை பரவாயில்லை.

புகையிலை விஷயம் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் நீங்கள் கடலைக் கடக்கத் தெப்பம் கட்டியபோது, புகையிலைக்கு மேலே நிழலுக்குக் கட்டச் சுருட்டி வைத்திருந்த பந்தல் துணியில் ஒரு துண்டை வெட்டினீர்களே. நான் சண்டை போட்டேன். கடல் வெயில் மண்டையப் பிளந்துடும்டி, தலைக்கு மேல கட்ட ஒரு துண்டுதானே என்று சிரித்தீர்கள். கத்தரியையாவது நேராகப் பிடித்தீர்களா, அதுவும் இல்லை. மாற்றுத் துணி எங்கும் கிடைக்காமல், பந்தல் கட்டியபோது அந்த இடம் ஓட்டையாகவே நின்றது. அதற்குக் கீழே இருந்த செடிகள் நேர் வெயில் பட்டுக் குட்டையாகிவிட்டன. இலை தோல் மாதிரித் தடித்துவிட்டது, சுருட்டுக்கு மேலே சுற்ற ஆகாது. இது தெரிந்ததுதான்.

தெரியாதது கிணற்றுக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. அங்கே பந்தலே இல்லாமல் போட்ட வயலில், நடுவே ஒரு திட்டு மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறது. இலை அகலமாக, மெலிசாக, அப்படியே பந்தலுக்குள் வளர்ந்த இலை. பக்கத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது. பக்கத்து வயல் ஓவிடியோ வந்து, ஏம்மா நெரெய்தா, எங்களுக்குத் தெரியாம யாரு உனக்குப் பந்தல் போட்டுத் தர்றது என்று கேலி செய்தார். இலையைத் தடவிப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் வரேம்மா என்று காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

நேற்று உச்சிவெயிலில் நானே அதற்குள் போய் நின்றேன். மண் குளிர்ந்து கிடந்தது. நிமிர்ந்தால் வெறும் வானம். என் கைமேல் மட்டும் நூல் நூலாக நிழல். அந்த நிழலின் ஒரு ஓரம் கோணல், நீங்கள் வெட்டிய அதே கோணல்.

எனக்குப் பயமாக இருக்கிறது, எலிசேயோ. துணி இங்கே இருக்கிறது என்றால் உங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது?

நாளை இலை பறிப்பு தொடங்குகிறது. மொத்த வயலிலும் அதுதான் முதல்தர இலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் திட்டில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு நிழல் வேண்டாம். எங்கள் இலை தடித்தால் தடிக்கட்டும். அந்தத் துணியை எடுத்து உங்கள் தலைமேலேயே கட்டிக்கொள்ளுங்கள். இனி தினமும் விடிந்ததும் போய் அங்கே வெயில் விழுந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். கோப்ரே மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

இங்கே வெயிலுக்குக் காத்திருக்கும்,
நெரெய்தா