பழத்துக்குள்ளை இருந்த பிள்ளைப்பூச்சி

இஞ்சாருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியிலை மூடி வைச்சிருக்கிறன்.

காலமை மாமி தந்த கதலிப்பழத்தைக் கடிக்க, வாய்க்குள்ளை ஏதோ துடிச்சுது. துப்பிப் பாத்தால் பிள்ளைப்பூச்சி, செட்டை முளைக்காத குஞ்சு. அதை விழுங்கினால் பிள்ளை தங்குமாம்.

"கடியாமல் விழுங்கடி பிள்ளை. முந்தி ரெண்டையும் ஒழுங்கா விழுங்கினனியெல்லே?" எண்டு கேக்கிறா மாமி. முந்தியும் ரெண்டு தரம் பழத்துக்குள்ளை வைச்சுத் தந்தவ எண்டு அப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

நான் படிச்சவள் இல்லை. ஆனால் உங்கடை வாழைத் தோட்டத்திலை அஞ்சு வருசமாய் மண் கொத்திறன். அந்தப் பூச்சியிலை நஞ்சும் இல்லை, மருந்தும் இல்லை. மண்ணைக் கிண்டி வேரைத் தின்னும், அவ்வளவுதான்.

என்னிலை ஒரு குறையும் இல்லையெண்டு டொக்டர் எழுதித் தந்தவர். உங்களையும் சோதிக்கோணுமெண்டு மூண்டு தரம் திகதி தந்தாச்சு. நீங்கள் போகவும் இல்லை, மாமிக்குச் சொல்லவும் இல்லை.

இஞ்சை எனக்கெண்டு கதைக்க ஒரு சனமும் இல்லை. நான் முல்லைத்தீவுக்கு, அண்ணை வீட்டை போறன்.

நாலாவது திகதி நாளைக்கு. டொக்டர் எழுதின துண்டு ஜாம் போத்தலுக்குக் கீழை கிடக்கு. போனால் எனக்குப் போன் எடுங்கோ. போகாட்டில் எடுக்க வேண்டாம்.

தர்மினி

போத்தலுக்குள்ளை இருக்கிறது அந்தப் பூச்சிதான். உயிர் இருக்கு. தோட்டத்திலை விட்டுவிடுங்கோ.

இன்னுமொண்டு. மாமிக்கு முழங்கால் மடிக்கேலாது. மண்ணைக் கிண்டி அதைப் பிடிச்சுக் குடுத்தது ஆரெண்டு எனக்குத் தெரியும். நகத்துக்குள்ளை இருக்கிற மண்ணைக் கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ.