அக்கா அறைச் சுவர்

அக்கா,

வீட்டில் கொஞ்சம் இடித்து மாற்றிக் கட்ட நம்பிக்கையான கான்ட்ராக்டர் கிடைத்துவிட்டார். யார் தெரியுமா? யூடியூபில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுவாரே, உனக்குக்கூட அவர் வீடியோவாக அனுப்பித் தள்ளுவேனே, அவரேதான். வாசலில் பார்த்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நம் இரண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு, எனக்கு ஒரே பெரிய அறையாக்கித் தரச் சொன்னார் அப்பா. கான்ட்ராக்டர் அண்ணா உன் அலமாரியைப் பார்த்தார். டேப்பைச் சுருட்டிக்கொண்டார்.

"துணியெல்லாம் இருக்கே சார். அந்தப் பொண்ணு திரும்பி வந்தா எங்க படுக்கும்? அதுகிட்ட கேக்காம நான் கை வைக்க மாட்டேன்."

"கட்டிக் கொடுத்தாச்சு. அவ எதுக்கு வரப்போறா?" என்றார் அப்பா.

அண்ணா என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிடுகிறேன், அப்பாவிடம் சொல்லிவை என்று அழுதுகொண்டே நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என் போனில்தான் இருந்தது.

"ஆமாண்ணா. அவ அங்க ரொம்ப சந்தோஷமா இருக்கா."

மனுஷன் அப்படியே நம்பிவிட்டார். "முதல் அடிய நீயே அடிம்மா" என்று சுத்தியலை என் கையில் கொடுத்தார். மதியத்துக்குள் சுவர் போய்விட்டது. அறை எவ்வளவு வெளிச்சம் தெரியுமா.

அதனால் பெட்டியோடு வந்து நிற்காதே. மாமா கை நீட்டினால் எதிர்த்துப் பேசாமல் இரு, சரியாகிவிடும்.

அன்புடன்,
உன் தங்கை