ஷல்வினாவின் பரீட்சை வாரம்

14 மே 2000, ஞாயிறு. நவுசோரி, ஃபிஜி

அடுத்த வாரத்துக்கு அட்டவணை போட்டேன். நாலு கலரில். கணக்குத் தேர்வு, கெமிஸ்ட்ரி லேப், பேச்சுப் போட்டி, கோயிலில் பாட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. போன வாரத்து அட்டவணையும் அழகாகத்தான் இருந்தது.

என் வகுப்புத் தோழி ஷல்வினா பார்த்துச் சிரித்தாள். "நீ செய்யப் போற வேலையை முதல்ல எழுதுற அபர்ணா. நான் என் கையில இல்லாததை முதல்ல எழுதுவேன். பஸ், மாடு, எங்க அப்பா." (அவள் பேசுவது ஹிந்தி. அவள் வீட்டுத் தமிழ் தாத்தாவோடு நின்றுவிட்டது. நான் தமிழாக்கி எழுதிக்கொள்கிறேன்.) விடியுமுன் பால் கறந்து, ஆற்றுக்கு மேலே இருக்கும் பண்ணையிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். வகுப்பில் முதல் மார்க்கும் அவள்தான். எனக்கு மாடும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அப்பா டாக்டர். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரில் இறக்கிவிடுகிறார்.

16 மே, செவ்வாய்

அட்டவணை நேற்றே செத்துவிட்டது.

19 மே, வெள்ளி

தலைநகர் சுவாவில் துப்பாக்கியோடு பார்லிமெண்டுக்குள் புகுந்துவிட்டார்களாம். எங்கள் இந்தியர் கடைகளாகப் பார்த்து எரிக்கிறார்கள். பள்ளியைப் பாதியில் விட்டார்கள். எல்லாரும் கேட்டுக்கு ஓடினோம். ஷல்வினா மட்டும் தன் ஊர்ப் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கடைசியில் தான் ஏறினாள். நான் ஏன் ஓடினேன்?

அப்பா இன்னும் ஆஸ்பத்திரியில்தான். அம்மா ரேடியோவை விட்டு நகரவில்லை.

27 மே, சனி

ஷல்வினா வந்தாள். பண்ணை போய்விட்டது. ஆட்கள் வந்து கதவை உடைத்து, இருந்ததை அள்ளி, மாட்டையும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்துப் பூர்வகுடி ஃபிஜியக் குடும்பம் ஒன்றுதான் இவர்களைத் தங்கள் லாரியில் ஒளித்துக் கொண்டுவந்து விட்டதாம். இப்போது நவுசோரியில், கோயிலுக்குப் பின்னால் ஓர் உறவுக்காரர் வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர்.

அம்மா அழுதுகொண்டே என் சட்டைகளை எடுத்து வைத்தாள். ஷல்வினா வாங்கிக்கொண்டு, "வினாகா ஆன்ட்டி" என்று ஃபிஜி மொழியில் நன்றி சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, "புத்தகம் எல்லாம் அங்கேயே கிடக்கு. உன் பிசிக்ஸ் நோட்டு தர்றியா?" அவ்வளவுதான் கேட்டாள். நானாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன்!

23 ஜூலை, ஞாயிறு

தள்ளிப்போன பரீட்சை நாளை ஆரம்பம். அதே வாரத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து ஒரு மாப்பிள்ளை ஷல்வினாவைப் பார்க்க வருகிறார். பெயர் ரித்தேஷ். பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை நிச்சயம்.

அவள் அப்பா பல்ராம் மாமா எங்கள் வீட்டுக்கே வந்து, தன் அப்பாவிடம் கற்ற கொஞ்சம் தமிழில் என் அப்பாவிடம் சொன்னார்: "இங்க இனி என்னா இருக்கு டாக்டர் சாப்? இந்தப் புள்ள போனா, பின்னாடி தம்பி தங்கச்சியும் போயிடும்." அப்பா தலையாட்டினார். யாரால் மறுக்க முடியும்?

ஷல்வினா எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாரத்தை எழுதினாள். புதன், கணக்கு முடிந்ததும்: மாப்பிள்ளை, அரை மணி.

"அரை மணிதானா?"

"வியாழன் கெமிஸ்ட்ரி இருக்கே."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

26 ஜூலை, புதன்

பயமாக இருந்தது. எனக்கு. அவளுக்கு இல்லை.

கணக்குத் தேர்வு முடிந்ததும் என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரித்தேஷ் நல்ல மாதிரி, கூச்சக்காரர். அவர் அம்மாதான் பேசினார். டீ கொடுத்ததும் ஷல்வினா நேராக ரித்தேஷையே கேட்டாள், எல்லார் முன்னாலும்: "நான் படிக்கணும். அங்க வந்தா படிக்க விடுவீங்களா?"

அவர் தன் அம்மாவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "முதல்ல வேலைக்குப் போகச் சொல்வாங்க. அப்புறம்... தெரியல."

"உண்மையைச் சொன்னீங்க. தாங்க்யூ." தன் அப்பாவிடம் திரும்பினாள். "எனக்கு வேணாம் பப்பா."

பல்ராம் மாமா எழுந்தே விட்டார். "நம்ம எல்லாருக்கும் இருந்த ஒரே கதவு! அதை நீயே சாத்திட்ட!"

"வேற கதவு திறக்கிறேன். கொஞ்சம் டைம் குடுங்க."

இவளுக்கு என் வயதுதான். எப்படி முடிகிறது? இவளை எதால் செய்தார்கள்?

27 ஜூலை, வியாழன்

அவள் கண் இரண்டும் வீங்கியிருந்தது. ஆக, அழுதிருக்கிறாள். அது தெரிந்தபோது எனக்கு அவள்மேல் மதிப்பு இன்னும் கூடியது. மணி அடிக்கும்வரை எழுதினாள். அவள் அப்பா கோபத்தில் அவளோடு பேசவில்லையாம்.

8 அக்டோபர், ஞாயிறு

அப்பாவுக்கு மெல்பர்னில் வேலை கிடைத்துவிட்டது. என் பள்ளிப் படிப்பு முடிந்ததும் கிளம்புகிறோம். ஷல்வினாவிடம் சொல்ல வாய் வராமல் பல நாள் திரிந்தேன். எங்களுக்குக் கதவு தானாகத் திறக்கிறது, அவளுக்கு...

இன்று சொன்னேன். கையிலிருந்த பேனாவை மூடினாள். பிறகு, "அப்போ உன் நோட்டை எல்லாம் சீக்கிரம் காப்பி பண்ணணும்" என்றாள். போகும்போது என் கையை விடவேயில்லை.

20 ஜனவரி 2001, சனி

ஆண்டிறுதித் தேர்வு ரிசல்ட். எனக்குப் பரவாயில்லை. அவளுக்கு சுவா யூனிவர்சிட்டியில் இடமும் உதவித்தொகையும்! அம்மா கேசரி கிளறினாள். பல்ராம் மாமா இப்போது சந்தையில் டாலோ கிழங்கு விற்கிறார். நான் ஓடிப்போய்ச் சொன்னபோது, "ம்" என்றார். கிழங்கை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

19 பிப்ரவரி, திங்கள். நாந்தி, விமான நிலையம்

ஷல்வினா வழியனுப்ப வரவில்லை. இன்று அவளுக்கு முதல் வகுப்பு. நான்தான் வராதே என்றேன்.

இங்கே வரும் வழியில், வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுக்க, அப்பா சுவா யூனிவர்சிட்டி வழியாக வண்டியை விட்டார். நல்ல மழை. கேட்டுக்கு எதிரே வண்டிகள் நின்றுவிட்டன. அப்போது பார்த்தேன். ஷல்வினா உள்ளே போய்க்கொண்டிருந்தாள். பல்ராம் மாமா அவளுக்குக் குடை பிடித்தபடி கூடவே நடந்தார். அவர் முதுகு முழுக்க நனைந்திருந்தது. இன்று சந்தைக்குப் போகவில்லை போல.

காவலாளி அவரைத் தடுத்தார். மாமா குடையை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே நின்றார். அவள் கட்டடத்துக்குள் மறைந்த பிறகும் நகரவில்லை.

அம்மா கண்ணாடியை இறக்கி, "கூப்பிடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். மழைச் சத்தத்தில் மாமாவின் குரல் மட்டும் கேட்டது. காவலாளியிடம் ஹிந்தியில், அவர் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்:

"என் பொண்ணு. இங்கதான் படிக்கிறா."