பூக்குழிக்குப் பிறகு எடுத்த ரத்தம்

10 ஜனவரி 2005
சுகர், பிரஷர், ரத்தக் கொழுப்பு, தொப்பை — நாலும் சேர்ந்து என்கிட்ட குடியிருக்குதாம். டாக்டர் இந்துப்ரியா சொல்லுச்சு. வயித்துக் கொழுப்பு சும்மா கிடக்காதாம். உடம்புக்குள்ள அழற்சியைக் கிளப்பிக்கிட்டே இருக்குமாம், அதுல ரத்தக்குழாய் கெடுமாம். அதைக் காட்ட சி.ஆர்.பி.ன்னு ஒரு ரத்தச் சோதனை. எனக்கு அதிகம். எடை குறைஞ்சா அதுவும் குறையும்னுச்சு.

அண்ணன் சோணை நாற்பத்தஞ்சு வயசுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேந்துருச்சு. எனக்கு வர்ற ஆடியில நாற்பத்தஞ்சு. நான் போக மாட்டேன்.

2 பிப்ரவரி
மெஸ் நடத்துறவ மெலியக்கூடாதாம். சமைக்கிறவளே வத்திப்போனா சாப்பாட்டை யார் நம்புவான்னு எங்க வீட்டுக்காரரு கேக்குறாரு. இந்தத் திருநகரே என் மெஸ்சுக்குச் சாப்பிட வராமப் போகட்டும். குழம்பு ருசி பாக்க நாக்கு நுனி போதும், கிண்ணம் எதுக்கு?

8 மார்ச்
சேலையில ஒரு கொசுவம் கூடுது. "என்னம்மா சீக்கு?"ன்னு சாப்பிட வந்த ஒருத்தர் கேட்டாரு. கொழுப்பு குறைஞ்ச சீக்குன்னேன்.

25 மார்ச்
உசிலம்பட்டிப் பக்கம் எங்க ஊர் அம்மனுக்குப் பூக்குழி இறங்கினேன். சி.ஆர்.பி. குறைஞ்ச பிறகு செய்ய வேண்டிய வேண்டுதல். முதல்லயே செஞ்சுட்டேன், இனி அவ பாடு.

வலது பாதம் கொப்பளிச்சிருச்சு. யார்கிட்டயும் சொல்லல. விரதம் சுத்தமில்லாதவளைத்தான் சுடும்னு பேசுவாக. சுத்தமாத்தானே இருந்தேன்?

4 ஏப்ரல்
சி.ஆர்.பி. கூடியிருச்சு. எட்டுக் கிலோ குறைஞ்சும் கூடியிருச்சு!

வீட்டுக்காரரு பேப்பரை ஆட்டிக்கிட்டு, "அம்புட்டும் வீண், பழையபடி தின்னு"ங்குறாரு. மூணு மாசமா வாயைக் கட்டுனவ நானு. அழுகையா வருது, ஆத்திரமா வருது. எவன் சொன்னாலும் விட மாட்டேன் — ஆனா ஏன் கூடுச்சு? ஏன்?

5 ஏப்ரல்
நான் நொண்டுறதை டாக்டர் பாத்துருச்சு. செருப்பைக் கழட்டச் சொல்லுச்சு. ஒரே சீழ். சுகர் உள்ள கால்ல இப்படி மறைச்சா விரலையே எடுக்க வேண்டி வரும்னு வஞ்சுச்சு. வாங்கிக்கிட்டேன். உடம்புல எங்க சீழ் பிடிச்சாலும் சி.ஆர்.பி. ஏறுமாம். புண்ணு நல்லா ஆறுன பிறகு எடுத்தாத்தான் எடை குறைஞ்சதோட பலன் தெரியுமாம்.

ஊர்வாய்க்குப் பயந்து நானே என் உசுருக்கு உலை வச்சிருக்கேன். நாளைக்குக் கட்டுப் போட்ட காலோட கல்லாவுல உக்காருவேன்.

6 ஏப்ரல்
கால்ல என்ன கட்டுன்னு சாப்பிட வந்தவுக கேட்டாக. நெருப்பு சுடாம என்ன செய்யும்னேன். அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணுனேன்.

20 ஜூன்
புண்ணு ஆறி மறுபடி எடுத்தோம். ஜனவரியில இருந்ததுல ஏறக்குறைய பாதி. மாத்திரை இருக்கு, நடை இருக்கு, இன்னும் இறக்கணும்னு டாக்டர் சொல்லுச்சு. இறக்குவேன்.

கிளம்பலாம்னு எந்திரிச்சேன். வீட்டுக்காரரு எந்திரிக்கல. தொப்பைக்கு மேல தெறிக்கிற மாதிரி நின்ன சட்டைப் பட்டனையே பாத்துக்கிட்டிருந்தாரு. பிறகு சட்டைக் கையை மடிச்சு விட்டாரு.

"எனக்கும் எடுத்துப் பாருங்கம்மா."

என் முகத்தைப் பாக்கல. கையை நீட்டுனாரு. பிடிச்சுக்கிட்டேன்.