கயிறு கட்டாத பாட்டில்

அக்கா,

இன்று காலை ஈப்போவுக்கு வரும் வழியில் எங்கள் பஸ் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. லாரி நிறைய ரப்பர் கட்டி. அந்த நாற்றத்துக்கு எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஆசையாக இழுத்து மூச்சு விட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நீங்கள் இருந்திருந்தால் என் தொடையில் கிள்ளிச் சிரித்திருப்பீர்கள்.

சுங்காய் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்ட நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மர நிரை. மழை வரும்போலிருந்தால், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலேயே பால் உறையட்டும் என்று ஆசிட் கொண்டுபோவோம். அதற்கென்று தனி பாட்டில் யாரிடம் இருந்தது? தண்ணீர் கொண்டுபோவது போன்ற அதே ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்தான். ஆசிட் பாட்டிலின் கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டிவிடுவோம், அவ்வளவுதான் நம் பாதுகாப்பு. அன்றைக்கு நான் கட்டவில்லை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில், என் கூடையில் இருந்ததைத் தண்ணீர் என்று எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டீர்கள்.

ஞாயிறு ஆராதனையில் பாட்டை எடுத்துக்கொடுப்பது நீங்கள்தான். உங்கள் குரல் வந்த பிறகுதான் எங்களுக்கெல்லாம் வாய் திறக்கும். அந்தக் குரல் அன்றோடு போனது. அது போதாதென்று நான் ஒரு பொய்யும் சொன்னேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி விசாரித்தபோது, கயிறு கட்டித்தான் வைத்திருந்தேன், அக்காதான் கவனிக்கவில்லை என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். நீங்கள் தெலுக் இந்தான் ஆஸ்பத்திரியில் பேச முடியாமல் படுத்திருந்தீர்கள்.

அதன் பிறகு ஏழு வருடம் நான் ஆராதனையில் திருவிருந்து அப்பமும் ரசமும் எடுக்கவில்லை. எல்லோரும் முன்னால் போய் முழங்கால் போடுவார்கள், நான் பெஞ்சிலேயே இருப்பேன். கேட்டால் மூட்டுவலி என்று ஒரு சாக்கு. போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசினால் அது மற்றவர்களுக்கு என்று நினைத்துக்கொள்வேன். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனையாக மாறி, பால் வெட்டும் வேலை போய், நாம் இருவரும் ஈப்போவுக்கு வந்து ஒரே சபையில் சேர்ந்த பிறகும் அப்படித்தான்.

ஒரு ஞாயிறு நீங்களும் முன்னால் போகாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நீ வராமல் நான் போகப்போவதில்லை என்றீர்கள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி," என்றீர்கள், அந்தக் கரகரத்த குரலில். "பாட்டிலு என் கையிலதானே இருந்துச்சு. கயித்தக் காணோமே."

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆண்டவர்கிட்ட சொன்னேன். மொத வருசம் உன்னைத் திட்டித்தான் சொன்னேன். அப்புறம் விட்டுட்டேன். அவரே கழுவிட்டாரு, நீ என்னமோ இன்னும் தேச்சிக்கிட்டே இருக்க. போதும்லா, எந்திரி."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனீர்கள். அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். இயேசு சுமந்ததில் என் பொய்யும் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் நம்பினேன். வெளியே வந்ததும் எனக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி எனக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

இப்போது சபையில் பாட்டை எடுத்துக்கொடுப்பது நான்தான். சுமாராகத்தான் பாடுகிறேன். அந்தப் பொய் இப்போது என்னைக் குத்துவதில்லை, அக்கா. ஆனால் அந்த ஏழு வருடமும் நீங்கள் இரண்டு பெஞ்சு தள்ளித்தான் இருந்தீர்கள், நான் தலையைக் குனிந்தே கழித்துவிட்டேன். அதன் பிறகு, நீங்கள் கண்ணை மூடும்வரை, உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கிடைத்தது மூன்றே வருடம். எனக்கு அது போதவில்லை.