பொட்டாசியத்தைக் கழுவிவிட்டேன்

வெள்ளிக்கிழமை, இரவு

எழுபது வயதில் கற்ற எழுத்து, கோட்டை விட்டு ஏறி இறங்குகிறது. மன்னிக்க வேண்டும். படிக்கப் போவதும் நான்தானே.

சிங்கப்பூரில், ஜூரோங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுவது என் வேலை. போன வாரம், அங்கே ஆராய்ச்சி செய்யும் நூர்ஜஹானின் கிண்ணத்தில் கறுப்புக் குருணை அழுக்குப் படிந்ததுபோல் கிடந்தது. குருணையை நன்றாகக் கழுவி, அதே கிண்ணத்தில் காய வைத்தேன். அது அம்மோனியாவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் உலோகமாம். அதன்பின் பாதி ஹைட்ரஜன்கூட வரவில்லை. அந்தப் பிள்ளை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று மதியம் பொறுக்காமல் சொல்லிவிட்டேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

"தண்ணியிலயா கழுவுனீங்க?" என்று சந்தோஷத்தில் குதித்தாள். "அங்கிள், அதுல பொட்டாசியம் சேர்த்திருந்தேன் லா! அதான் கரைஞ்சு போச்சு!"

பிறகு விளக்கினாள். ஹைட்ரஜன் பிரிந்த பின்னும் நைட்ரஜன் உலோகத்தை விடாதாம், தேக்கா சந்தைக் கடையில் காப்பி குடித்து முடித்தும் மேசையை விடாத ஆள் மாதிரி. பொட்டாசியம் அந்தப் பிடியைத் தளர்த்தி அடுத்தவருக்கு இடம் கொடுக்குமாம்.

"அது இல்லாட்டி என்னாகும்னு நீங்களே காட்டிட்டீங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவ அதே மாதிரி கழுவணும். இதுல எழுதுங்க, அங்கிள்."

அவளுடைய சோதனை ஏட்டில், தண்ணீரில் கழுவியவர் என்று எழுதி, என் பெயரை முழுதாக எழுதினேன். கால் மணி நேரம் ஆனது. அவள் அவசரப்படுத்தவே இல்லை.

அடுத்த வாரம் கழுவிய பிறகு எவ்வளவு வாயு வந்தது என்று இங்கேயும் எழுத வேண்டும். இப்போது விரல் மடங்க மறுக்கிறது.