வெள்ளைக்கு அடியில்

மார்ச் 4

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். சிறைக் குளிருக்கு உன் அண்ணி போர்வை அனுப்பியிருக்கிறாள், வந்ததா?

பேருந்து நிலையச் சுவரில் நீ வரைந்தாயே, அரசை எதிர்த்துப் பேசி உள்ளே போனவர்களின் முகங்கள், அவற்றின்மேல் நகராட்சி வெள்ளையடித்தது. ஒரு வாரத்தில் முகங்கள் பழுப்பாக எட்டிப் பார்த்தன. மறுபடி அடித்தார்கள். மறுபடி வந்துவிட்டன! ஆயுசெல்லாம் பெயிண்ட் விற்றவன், ஒரு சுவரைப் பார்த்து வாய் பிளந்து நின்றேன். சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள்.

மந்திரமெல்லாம் இல்லை. நீ நல்ல கறுப்புக் கேட்டாய்; விலைபோகாத கூரைத் தார்ப்பூச்சை உன் தலையில் கட்டினேன். தார் எந்த வெள்ளையையும் ஊறித் தாண்டிவிடும். அதைத் தடுக்கும் அடிப்பூச்சு என் கடையில் மட்டும்தான் இருக்கிறது. அதிகாரி வந்து, "அதைக் குடுங்க, உங்க தங்கச்சி அடுத்த மாசமே வீட்டுல இருப்பா" என்கிறார்.

எனக்கு நீ வேண்டும். கொடுக்கட்டுமா?

உன் அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

போர்வை வந்தது. உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் வாசித்தேன். சுவரில் நான் வரைந்த அக்கா ஒருவர் என் பக்கத்துப் பாயில்தான் படுக்கிறார். "என் முகமும் திரும்பி வந்துச்சாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ■■■■■■ ■■■■■ ■■■■■■■■ ■■■■ ■■■■■■■■■■ ■■■■■ ■■■■■■■

அன்புத் தங்கை


ஏப்ரல் 6

அம்மாடி,

உன் பதிலைச் சிறையில் கறுப்படித்துத்தான் அனுப்பினார்கள். 'கொடுங்கள்' என்று எழுதியிருந்தால் இவ்வளவு மை செலவழித்திருக்க மாட்டார்கள்.

அதிகாரியிடம், "சரக்கு தீர்ந்துபோச்சு சார்" என்றேன்.

"பின்னால அடுக்கியிருக்கே, அது என்னய்யா?"

"காலி டப்பா சார்."

கடைக்குச் சீல் வைத்துவிட்டார். போகட்டும். தார்ப்பூச்சு ஒரு டப்பாவை முன்னாலேயே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அந்த அக்காவிடம் சொல், கன்னத்து மச்சத்தோடு வந்துவிட்டார். அவர் பக்கத்தில் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. ஏணி போட்டு உன்னை வரைந்தேன். இந்தக் கடிதத்தைப் படிக்கும் ஐயாவும் தெரிந்துகொள்ளட்டும், பட்டப்பகலில்தான் வரைந்தேன். முன்பின் தெரியாதவர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மூக்கு மட்டும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. பார்த்தால் என்னை அடிக்க வருவாய்.

போன வாரம் அதன்மேலும் வெள்ளையடித்தார்கள்.

இன்று காலையில் போய்ப் பார்த்தேன். மூக்கு வந்துவிட்டது.

உன் அண்ணன்